தங்கக் கடிகாரம் ஏன் அந்த விலை? டர்பன் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் நடுவில், கிரே தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடிகாரம் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தத் தெருவுக்கு டாக்டர் யூசுப் தாது தெரு என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சாட்ஸ்வொர்த்திலிருந்து வருகிற பெரியவர்களுக்கு அது இன்னும் கிரே தெருதான். கும்பகோணத்தில் பத்தர் குடும்பத்தில் பிறந்தவன் நான். தங்கத்தைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். நடுநடுவே பவுன், தாலி, ஆயா என்ற சொற்கள் மட்டும் தமிழாக வந்து விழும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

தங்கக் கடிகாரத்தின் விலையில் தங்கத்தின் பங்கு எவ்வளவு?

கணக்குப் போட்டே பார்ப்போம். கேஸும் (வெளிக்கூடு) செயினும் தங்கமாக இருக்கிற ஆண்கள் கடிகாரம் ஒன்று 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மெஷின், கண்ணாடி, டயல் இவற்றுக்கு 30 கிராம் கழித்தால் மீதி 170 கிராம். அது 18 கேரட், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். ஆக, சுத்தத் தங்கம் 127.5 கிராம். கிராம் 100 டாலர் என்று வைத்தால் 12,750 டாலர் ஆகிறது. 2025 மார்ச்சில் அவுன்ஸ் (ஏறத்தாழ 31 கிராம்) 3,000 டாலரைத் தாண்டியபோது கிட்டத்தட்ட அந்த விலைதான். அதே ஆண்டு அக்டோபரில் 4,000 டாலரையும் தாண்டியது. அந்த விலைக்குப் போட்டாலும் 16,400 டாலர் அளவில் நின்றுவிடும். இந்த வகைக் கடிகாரத்துக்குப் பெயர் பெற்ற சுவிஸ் நிறுவனங்கள் கேட்பதோ 40,000 டாலருக்கு மேல்.

தோல் வார் போட்டதாக இருந்தால் இடைவெளி இன்னும் பெரிது. கேஸ் மட்டும் 40 கிராம் என்றால் சுத்தத் தங்கம் 30 கிராம்தான். நூறு டாலர் கணக்கில் 3,000 டாலர். அப்படிப்பட்ட கடிகாரம் 25,000 டாலருக்கு விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து நூற்றுக்கு இருபது என்றாலே நம் வீட்டுப் பெண்கள் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இங்கே செய்கூலி என்று சொல்லத்தக்க பங்கு தங்கத்தின் விலையைப்போல இரண்டு மடங்கு, சில சமயம் ஏழு மடங்கு. அதனால் நான் எப்போதும் சொல்வது இதுதான்: தங்கக் கடிகாரம் வாங்குகிறவர் கூலியை வாங்குகிறார், தங்கம் கூடவே வருகிறது.

அந்தச் செய்கூலி எங்கே போகிறது?

மூன்று இடங்களுக்குப் போகிறது. முதலாவது கேஸ். தங்கத்தை வெள்ளி, செம்போடு உருக்கிச் சேர்த்து, பாளமாக வார்த்து, தகடாக உருட்டி, அச்சில் அடித்து, பழுக்கக் காய்ச்சி, மறுபடி அடித்து, பிறகு கடைசலில் ஏற்றுகிறார்கள். ரோலெக்ஸ் தன் தங்கத்தைத் தானே உருக்கிக்கொள்கிறது. அதற்கென்று சொந்த உலைக்கூடம் வைத்திருக்கிறது. கடைசலில் உதிரும் சுருளும் பொடியும் கொஞ்சநஞ்சமல்ல. அதை ஒரு துளி விடாமல் திரட்டி மறுபடி சுத்திகரிக்க வேண்டும். கும்பகோணத்தில் அப்பா வேலை முடிந்ததும் மடியில் விரித்த துணியை உதறாமல் மடித்து எடுத்து வைப்பார். கோவையில் பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணைச் சலித்துப் பிழைப்பவர்களே உண்டு. ஜெனீவாவில் அதே வேலையைக் காற்றுறிஞ்சும் குழாய்கள் செய்கின்றன. சேதாரம் எந்த ஊரிலும் சேதாரம்தான்.

இரண்டாவது மெஷின். இங்கேதான் கூலி உண்மையில் குவிகிறது. கண்ணில் லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை, மாட்டிக்கொண்டு நல்ல மெஷின் ஒன்றைப் பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் தகடுகளைப் பாலம் என்போம். அந்தப் பாலத்தின் விளிம்பு 45 பாகையில் சரிவாகச் சீவப்பட்டுக் கண்ணாடிபோல மின்னும். அப்படி இரண்டு சரிவுகள் உட்புறமாகச் சந்திக்கும் மூலையைத் தேடுங்கள். அந்த மூலை ஊசிமுனைபோலக் கூராக முடிந்தால், அது மனிதக் கை செய்தது. சுழலும் கருவியால் அந்த இடத்தில் வளைவைத்தான் விட முடியும். கூர் வேண்டுமென்றால் ஒருவர் அரத்தையும் பிறகு மரக்குச்சியையும் வைத்துத் தேய்த்தாக வேண்டும். இப்படி ஒரு மூலைக்கு அரை நாள் போகலாம். இந்த அழகில் ஒரு பகுதி டயலுக்கு அடியில் மறைந்துவிடும். வாங்கியவர் கடைசிவரை அதைப் பார்க்கப் போவதில்லை. பார்க்கிறவன் என்னைப்போலப் பழுதுபார்க்கிறவன் மட்டும்தான்.

ஜெனீவாவில் இந்த வேலைப்பாட்டுக்கு அரசு முத்திரையே உண்டு. அதற்கான சட்டம் 1886-இல் வந்தது. நம் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கப் பாறை கண்டுபிடிக்கப்பட்டு ஜோகன்னஸ்பர்க் முளைத்ததும் அதே 1886-இல்தான். தங்கம் இங்கே, முத்திரை அங்கே. இரண்டுக்கும் ஒரே பிறந்த வருடம்.

மூன்றாவது, பெயர். விளம்பரம், கார்ப் பந்தயம், டென்னிஸ் அரங்கின் கடிகாரப் பலகை, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சாண்டனில் பளிங்குத் தரை போட்ட கடை, அந்தக் கடையின் லாபம் எல்லாம் இதில் அடக்கம். இதைச் செய்கூலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பில்லில் தனி வரியாக எழுதாததால் அதுவும் கூலியோடு கலந்தே வருகிறது.

ஏன் 18 கேரட்? தாலி 22 கேரட்டில்தானே செய்கிறோம்?

தாலிக்குத் திருகு கிடையாது. கடிகாரக் கேஸுக்கு உண்டு. தண்ணீர் புகாமல் பின்மூடியை இறுக்கும் மரைகள், வார் மாட்டும் கொம்பில் ஊசித் துளைகள், நூற்றுக்கணக்கான முறை இழுத்துத் தள்ளும் சாவிக் குமிழ் இவை எல்லாம் 22 கேரட்டில் விரைவில் தேய்ந்துவிடும். மேசை விளிம்பில் ஒருமுறை இடித்தாலே குழி விழும். 18 கேரட்டில் கால் பங்கு வேறு உலோகம் இருப்பதால் தாங்குகிறது.

நம் நாட்டு குரூகர்ராண்ட் நாணயம் 22 கேரட். 1967 முதல் வருகிறது. அதில் வெள்ளி கலக்காமல் செம்பு மட்டும் கலப்பதால்தான் கொஞ்சம் சிவந்து தெரிகிறது. சொல்லப்போனால் பவுன் என்று நாம் சொல்வதே பிரிட்டிஷ் பவுண்டுக் காசிலிருந்து வந்த சொல். அந்தத் தங்கக் காசை 1923 முதல் 1932 வரை பிரிட்டோரியாவிலும் அடித்தார்கள். உங்கள் ஆயாவின் காசுமாலையில் இருக்கும் காசை லூப்பில் பாருங்கள். தெற்கு ஆப்பிரிக்காவைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொடியாகத் தெரிந்தால், அந்தக் காசு பிரிட்டோரியாவில் அடித்தது.

பிளாட்டினம் இப்போது தங்கத்தைவிட மலிவு. பிளாட்டினக் கடிகாரம் மட்டும் ஏன் தங்கத்தைவிட விலை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2008-இல் பிளாட்டினம் அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டி, தங்கத்தைப்போல இரண்டு மடங்கு விலையில் நின்றது. 2015-க்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. தங்கம் மேலே, பிளாட்டினம் கீழே. கடிகார விலைப்பட்டியல் மட்டும் மாறவில்லை.

பாதிக் காரணம் நியாயமானது. கடிகாரத்துக்கு எடுக்கும் பிளாட்டினம் ஆயிரத்துக்கு 950 பங்கு சுத்தம்; தங்கம் 750-தான். பிளாட்டினம் அடர்த்தியும் அதிகம். அதே அளவுக் கேஸுக்கு 18 கேரட் தங்கத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை வேண்டும். தங்கம் 1,064 டிகிரியில் உருகும். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி. அதை வெட்டுவது இன்னும் பெரிய தலைவலி. தங்கம் கத்திக்கு வழிவிடும். பிளாட்டினமோ பசைபோலக் கத்தியில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். கருவி முனை சீக்கிரம் மழுங்கும். மெருகு போடுவதும் பாடு. தங்கத்தில் கீறல் விழுந்தால் உலோகம் கொஞ்சம் போய்விடும்; பிளாட்டினத்தில் உலோகம் போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கி வரப்புபோல நிற்கும். அதைச் சமன் செய்ய மெருகுக்காரருக்குப் பொறுமை வேண்டும்.

மீதிப் பாதி பழக்கம். பிளாட்டினம் என்றால் உச்சி என்று நிறுவனங்கள் பல ஆண்டு சொல்லிச் சொல்லி நிலைநாட்டிவிட்டன. சுவிஸ் நிறுவனமான பட்டேக் ஃபிலிப், பிளாட்டினக் கேஸின் ஆறு மணிப் பக்கம் கொம்புகளுக்கு நடுவே பொடி வைரம் ஒன்றைப் பதிக்கும். ரோலெக்ஸ், பனிக்கட்டி நீல டயலைப் பிளாட்டினத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. தூரத்தில் ஸ்டீல்போலத் தெரிவதால், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று அடையாளம் வைக்கிறார்கள்.

தங்கமும் பிளாட்டினமும் நம் மண்ணில்தானே தோண்டுகிறார்கள்? இங்கே ஏன் மலிவாகக் கிடைக்கவில்லை?

உலகின் சுரங்கப் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. பெரும்பாலும் ரஸ்டன்பர்க் பக்கத்துப் பாறையில். கார்ல்டன்வில் அருகே இம்பொனெங் தங்கச் சுரங்கம் 4 கிலோமீட்டரை நெருங்கும் ஆழம். அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பனிக்கூழை உள்ளே இறக்கிக் குளிர்விக்கிறார்கள். ஒரு டன் பாறையை மேலே ஏற்றினால் சில கிராம் தங்கம் கிடைக்கும். அது ஜெர்மிஸ்டனில் 1920-இல் நிறுவப்பட்ட ராண்ட் ரிஃபைனரி என்ற சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச் சுத்தமாகிறது. சுத்தமான அந்தக் கணமே அதன் விலை டாலரில் எழுதப்பட்டுவிடுகிறது. பக்கத்து ஊர் என்று சலுகை கிடையாது. கடிகாரமாகித் திரும்பி வரும்போது இறக்குமதிச் செலவு, நம் நாணயமான ரேண்டின் சரிவு, அதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி எல்லாம் ஏறிவிடும். குரூகர்ராண்ட் நாணயத்துக்கு அந்த வரி இல்லை. தங்கம் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் அதை வாங்குங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கார்ட்டியே, வாசரோன் கான்ஸ்டன்டின், ஐ.டபிள்யூ.சி., பியாஜே போன்ற பெயர்களை வைத்திருக்கும் ரிஷ்மோன் குழுமத்தை 1988-இல் தொடங்கியவர் ஸ்டெல்லன்போஷ் நகரத்துக்காரரான ஜோஹான் ரூபர்ட். உலோகமும் இங்கிருந்து போனது, முதலாளியும் இங்கிருந்து போனார்.

கூலி என்று பேச்செடுத்ததால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. அவர்கள் கேட்டது மாதம் 12,500 ரேண்ட். பிளாட்டினக் கடிகாரத்தைக் கையில் எடுத்து, எடை பார்த்து, ஏன் இந்த விலை என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த எண்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சில ஸ்டீல் கடிகாரங்கள் தங்கத்தைவிட விலை போகின்றனவே?

ஆமாம். 1972-இல் ஒடமார் பிகே நிறுவனம், வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ராயல் ஓக் என்ற ஸ்டீல் கடிகாரத்தை அன்றைய தங்கக் கடிகாரங்கள் பலவற்றைவிட அதிக விலைக்குக் கொண்டுவந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இன்று அதை வாங்க வரிசையில் நிற்கிறார்கள். 2019 நவம்பரில் ஜெனீவாவில் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நடந்த ஏலத்தில் பட்டேக் ஃபிலிப்பின் கடிகாரம் ஒன்று 3 கோடியே 10 லட்சம் பிராங்குக்குப் போனது. அதே வகையைத் தங்கத்தில் செய்திருக்கிறார்கள். ஸ்டீலில் செய்தது அது ஒன்றுதான். உலோகத்தை மட்டும் எடை போட்டால் சில நூறு ரேண்ட் பெறாது. விலையை உலோகம் தீர்மானிக்கவில்லை, எத்தனை செய்தார்கள் என்பதே தீர்மானித்தது.

வெள்ளைத் தங்கம், ரோஸ் கோல்டு இவை தரம் குறைந்தவையா?

இல்லை. எல்லாமே 750-தான். செம்பு கூடினால் சிவக்கும். பல்லேடியம் சேர்ந்தால் வெளுக்கும். வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் பூச்சு போட்டிருந்தால் சில வருடங்களில் தேய்ந்து இலேசான மஞ்சள் எட்டிப்பார்க்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பயந்துகொண்டு என்னிடம் வருவார்கள். பூச்சு போட்டால் சரியாகிவிடும். ரோஸ் கோல்டு காலப்போக்கில் வெளிறாமல் இருக்க ரோலெக்ஸ் அதில் பிளாட்டினம் கொஞ்சம் சேர்க்கிறது.

வீட்டில் இருக்கும் பழைய கடிகாரம் உண்மையில் தங்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியே பார்த்துப் பயனில்லை. பின்மூடியைத் திறந்து உட்புறம் பார்க்க வேண்டும். 750 என்றால் 18 கேரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. சுவிட்சர்லாந்தில் செய்ததாக இருந்தால், 1995-க்குப் பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை பொறித்த முத்திரை இருக்கும். அதற்கு முன்பு 18 கேரட்டுக்குப் பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில். மைக்ரான் என்ற சொல்லோடு 10, 20 என்று எண் இருந்தால் அது முலாம். நம் ஊர்ப் பேச்சில் கவரிங். முழுக் கடிகாரத்தையும் தண்ணீரில் முக்கி அடர்த்தி பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். உள்ளே பித்தளை மெஷின் இருக்கும்போது அந்தக் கணக்கு பொய் சொல்லும்; தண்ணீர் புகுந்தால் மெஷினும் போய்விடும். சந்தேகம் இருந்தால் கொம்பின் உட்புறத்தை உரைகல்லில் மெல்ல உரைத்துப் பார்ப்பேன்.

சர்க்கரை ஆலை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் உழைத்த முதியவர், ஓய்வு பெற்றபோது கொடுத்த கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். "தம்பி, இது பவுன்தானே? பேத்தி படிப்புக்கு ஆகுமா?" என்றார். பின்மூடியில் வெளியே அவர் பெயரும் ஆண்டும் செதுக்கியிருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. உள்ளே 375. மெஷினைக் கழற்றிக் கேஸை மட்டும் தராசில் வைத்தேன். ஏழு கிராம். சுத்தத் தங்கம் மூன்று கிராமுக்கும் குறைவு. "ஐயா, தங்கம்தான்; ஆனால் 9 கேரட்" என்று கணக்கை எழுதிக் காட்டினேன். நெடுநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓடுமா?" என்றார். எண்ணெய் போட்டுத் துடைத்ததும் ஓடியது. சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பெயரில் இருந்த பிழையைத் திருத்த முடியுமா என்றும் கேட்டார். முடியாது, அந்தத் தகடு அதற்கு மேல் தாங்காது.

விற்றால் என்ன கிடைக்கும்? நகைபோல அவசரத்துக்கு உதவுமா?

நகைக்கு எடை போட்டுத் தருவார்கள். கடிகாரத்துக்கு இரண்டு விலை. ஒன்று உருக்கு விலை, மற்றது பெயர் விலை. சந்தையில் தேடப்படும் சில மாடல்களைத் தவிர, தோல் வார் போட்ட தங்கக் கடிகாரங்கள் கடைக் கதவைத் தாண்டியதும் விலையில் பெரும்பகுதியை இழக்கின்றன. வாங்கிய விலையில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது என் அனுபவம். செய்கூலி திரும்பி வராது என்ற நகைக்கடை விதி இங்கே இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. பெட்டி, உத்தரவாத அட்டை, பழுதுபார்த்த ரசீது இவற்றைத் தூக்கி எறியாதீர்கள், அவையும் விலைதான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். வீட்டில் உருக்கிக் கட்டியாக்கி விற்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் உருக்கிய தங்கக் கட்டியை வைத்திருப்பது குற்றம்.

பேட்டரிக் கடிகாரம் இன்னும் துல்லியம். பிறகு எதற்கு இந்தச் சாவி கொடுக்கும் வேலை?

துல்லியத்துக்காக யாரும் தங்கக் கடிகாரம் வாங்குவதில்லை. சான்றிதழ் பெற்ற சுவிஸ் மெஷினுக்கே நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு. மலிவான பேட்டரிக் கடிகாரம் ஒரு வாரத்தில் அவ்வளவு தவறாது. இன்னொன்று: 1969 டிசம்பர் 25 அன்று ஸைகோ விற்பனைக்குக் கொண்டுவந்த உலகின் முதல் குவார்ட்ஸ் (படிகம் வைத்த பேட்டரி) கைக்கடிகாரம் தங்கக் கேஸில்தான் வந்தது, 4,50,000 யென், அன்று ஒரு கார் வாங்கும் பணம்.

வைரம் பதித்தால் விலை இன்னும் ஏறுமா?

தொழிற்சாலையில் பதித்தால் ஏறும். வாங்கிய பிறகு வெளியே கொடுத்துப் பதித்தால் இறங்கும். அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்குத் தங்கக் கடிகாரம் போடலாமா?

டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் இதைக் கேட்டபோது, மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று திருப்பிக் கேட்டேன். ஆம்புலன்ஸ் ஊழியர். அப்படியானால் வேண்டாம், நல்ல ஸ்டீல் கடிகாரம் ஒன்று வாங்கி மீதிக்கு குரூகர்ராண்ட் வாங்கி வையுங்கள் என்றேன். அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தினமும் அணியலாமா?

அணியலாம், பெட்டியில் பூட்டி வைத்தால் உள்ளே எண்ணெய் கெட்டியாகும். டர்பன் புழுக்கத்தில் வியர்வை செயின் மூட்டுகளில் தங்கி அழுக்குக் கூழாகித் தங்கத்தையே அரைக்கும். மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். கடல் தண்ணீரில் இறங்கினால் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். கீறல் விழுந்தால் உடனே மெருகு போட ஓடி வராதீர்கள். ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் தங்கத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். விளிம்பு மழுங்கி முத்திரையும் தேய்ந்த கேஸுக்கு விலை குறையும். மெருகுச் சக்கரத்தில் ஒட்டும் பொடி உங்களுக்கு வராது, எனக்குத்தான் வரும். காப்பீட்டில் கடிகாரத்தைத் தனியாகப் பெயர் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். நெரிசலான தெருவில் நடக்கும்போது சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொள்ளுங்கள்.